பாடாங் பெசாரோடு நின்றுபோன பாட்டு

பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, அங்கிருந்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எழுத்து கற்று, இன்று ஈப்போ புந்தோங்கில் குடியிருப்பவன் நான். நான் படித்த பள்ளி இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. என் பேத்தி உங்களில் ஒருவரிடம் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்களிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். அதற்கு முன் இரண்டு பாட்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்று ஜப்பானியர்களுடையது, மற்றது என் பாட்டியுடையது. இரண்டிலும் வரிசையாக வருவது ரயில் ஸ்டேஷன் பெயர்கள்தாம்.

ஜப்பானில் முதல் ரயில் 1872-இல் தோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு ஓடியது. அதற்கு 28 ஆண்டுகள் கழித்து, 1900-இல், தம் மொழியின் இலக்கியத்தைக் கற்பித்த ஓவாதா தகெகி என்ற ஆசிரியர், ‘ரயில் பாட்டு’ என்று ஒன்றை எழுதினார். ஜப்பானிய மொழியில் ‘தெத்சுதோ ஷோகா’. முதல் தொகுதியில் 66 கண்ணிகள். ஷிம்பாஷியில் வண்டி ஏறினால் கோபேயில் இறங்கும்வரை, வழியில் வரும் ஊர், அதன் மலை, ஆறு, கோயில், பழைய போர்க்களம் எல்லாம் கண்ணிக்குக் கண்ணி வந்துகொண்டிருக்கும். தலைப்பிலேயே ‘புவியியல் கல்வி’ என்று போட்டுத்தான் அச்சிட்டார்கள். பாடப் பாட நாட்டின் வரைபடம் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட வேண்டும் என்பது நோக்கம். அதன் பிறகு மற்றப் பாதைகளுக்கும் தொகுதிகள் வந்தன. இன்று ஷிம்பாஷி ஸ்டேஷன் வாசலில் அந்தப் பாட்டுக்கு நினைவுக்கல் இருக்கிறது. ரயிலுக்குள் அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் மணியோசையாகவும் அந்த மெட்டை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1964-இல் இசாவா ஹாச்சிரோ பாடிய ஒரு பாட்டு, தோக்கியோவின் உவெனோ ஸ்டேஷனைப் பற்றியது. அக்காலத்தில் வடகிழக்கு மாவட்டங்களில் பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டமாக ரயிலேற்றி, தோக்கியோவின் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்கு அனுப்புவார்கள். அவர்கள் வந்து இறங்கும் இடம் உவெனோ. பெற்றோரைப் பிரிந்து வந்த அந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பாட்டு பிறந்தது. அதற்கும் ஸ்டேஷன் எதிரில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன எங்கள் தலைமுறையும் இப்படித்தான் ஒரு பெட்டியோடு ரயிலேறியது. எங்களுக்கென்று அப்படி ஒரு பாட்டோ கல்லோ நான் கண்டதில்லை.

1989 முதல் தோக்கியோ ஸ்டேஷன்களில் வண்டி புறப்படும்போது கரகரக்கும் மணிக்குப் பதிலாகச் சிறு மெட்டுகளை ஒலிக்கவிட்டார்கள். பல ஊர்கள் தங்களோடு தொடர்புள்ள பாட்டைத் தேடிக்கொண்டன. ரயிலையும் பாட்டையும் பிரித்துப் பார்க்காத மக்கள் அவர்கள். இதை மனதாரப் பாராட்டித்தான் சொல்கிறேன்.

இனி என் பாட்டியின் பாட்டு.

பாட்டியின் அப்பா ரயில்வே கேங்கில் வேலை செய்தவர். அதனால் சுங்கை சிப்புட்டுக்கு வடக்கே எந்த ஸ்டேஷனுக்கு அடுத்து எந்த ஸ்டேஷன் என்பது பாட்டிக்குச் சிறு வயதிலேயே மனப்பாடம். பள்ளிக்கூடம் போகாதவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோலகங்சார், பாடாங் ரெங்காஸ், தைப்பிங், பாகான் செராய், பாரிட் புந்தார் என்று தொடங்கிச் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார், ஆராவ் வரை மூச்சு விடாமல் சொல்வார்.

தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பாட்டியைக் கூப்பிடுவார்கள். லயத்து வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். பாட்டி முதலில் செத்தவருக்கு அழுவார். நேரம் போகப் போக அவருடைய குரல் மாறும். மற்றப் பெண்கள் மெல்ல நிறுத்திவிடுவார்கள், இனி வருவது பாட்டியின் சொந்தப் பாட்டு என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒரு ரயில் போகும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பாட்டி தன் புருஷனை இறங்கச் சொல்லிக் கூப்பிடுவார். பாடாங் ரெங்காஸ் தாண்டிப் பழைய பாதையில் புக்கிட் பெராப்பிட் குகைகள் வரும். அந்த இடத்தில் குரலை அடிவயிற்றுக்கு இறக்கி, வெளிச்சம் வந்ததும் மறுபடி ஏற்றுவார். கடைசியில் பாடாங் பெசார் வரும். அதோடு பாட்டு நின்றுவிடும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார்.

சிறுவனாக இருந்தபோது ஒருநாள் கேட்டேன், ஏன் பாட்டி அங்கேயே நிறுத்திட்டீங்க என்று.

“அதுக்கு மேல எனக்கு ஊரு பேரு தெரியாதுய்யா” என்றார்.

ஆசிரியர்களே, அதற்கு மேல் இருந்த ஊர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். சயாமில் பான் போங் தொடங்கி, காஞ்சனபுரி வழியாக, மூன்று பகோடா கணவாயைத் தாண்டி, பர்மாவின் தாம்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர். ஜப்பானிய ராணுவம் 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த ‘மரண ரயில்’ பாதை அது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளையும், அவர்களைவிடப் பல மடங்கு அதிகமான ஆசியத் தொழிலாளர்களையும் அங்கே வேலை வாங்கினார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர்.

மேற்குக் கரையோரத் தோட்டங்களில் பிடித்த ஆட்களை ஏற்றிய வண்டி வடக்கே போக இருந்த பாதை, இன்று நம் பிள்ளைகள் மின்ரயிலில் விடுமுறைக்குப் போகும் அதே பாதைதான். அந்தப் பாதையில் தெற்கே இருந்து வந்த வண்டிகள் ஈப்போ ஸ்டேஷனைக் கடக்காமல் சயாமுக்குப் போயிருக்க முடியாது. 1917-இல் ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் எழுந்த அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன் இன்று கல்யாணச் சோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள், எடுக்கட்டும், அழகான கட்டடம். அதன் தண்டவாளத்தின் வழியே சரக்குப் பெட்டிகளில் அடைபட்டுப் போனவர்கள் நம் தாத்தாக்கள் என்பதையும் அந்தச் சோடிகளின் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதம் போய் வந்துவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கி, மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். சிலர் நம்பிப் போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டபோது சிலரைப் பெயர் எழுதி அனுப்பினார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி வளைத்துப் பிடித்ததும் உண்டு. 1943-இல் மழைக்காலத்தோடு காலரா வந்தபோது, போர்க் கைதிகளுக்கு அவர்களுடைய படை மருத்துவர்களாவது கூட இருந்தார்கள். தோட்டத்துத் தமிழனுக்கு மருத்துவன் இல்லை, அதிகாரி இல்லை, பெயர்ப் பதிவேடுகூட ஒழுங்காக இல்லை. மூங்கில் கொட்டகையில் பக்கத்தில் படுத்திருந்தவன்தான் துணை, விடியும்போது அவனும் இருக்க மாட்டான்.

காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்வீரர்களுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் பேர், பெரும்பாலோருக்குத் தனிக் கல். நம்மவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. என் தாத்தா எந்த ஊரில், எந்த மாதத்தில் இறந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அவர் போனபோது என் அப்பாவுக்கு இரண்டு வயது. போர் முடிந்து திரும்பி வந்தவர்கள் யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்பதால் பாட்டி ஆறு வருஷம் பொட்டை அழிக்காமல் இருந்தார். திதி கொடுக்க நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில் படைத்தார். உடம்பு இல்லை, நாள் இல்லை, இடம் இல்லை. பாட்டியிடம் இருந்தது, பாடாங் பெசார் வரைக்குமான ஸ்டேஷன் பெயர்கள்தாம். அதைக் கொண்டு அவர் ஒரு கல்லறை கட்டிக்கொண்டார்.

அதை நான் அழித்துவிட்டேன்.

1983-இல் என் முதல் வேலையின் சம்பளத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “என் பாட்டையும் இது பிடிச்சுக்குமாய்யா?” என்று கேட்டார். பிடிக்கும் என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். பாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, சாவு வீட்டில் இல்லாமல், நடு வீட்டில் நடுப்பகலில், தணிந்த குரலில் முழுப் பாட்டையும் பாடினார். திருப்பிப் போட்டுக் காட்டியபோது தன் குரலைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ரேடியோவில் எனக்குப் பிடித்த சினிமாப் பாட்டு வந்தது. வேறு ஒலிநாடா கைக்கு எட்டவில்லை. அதன் மேலேயே பதிந்துவிட்டேன். பாட்டி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2004-இல் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் சாவில் ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்களுக்கும் அந்தப் பாட்டு தெரியாது. இன்று எனக்கு நினைவிருப்பது ஸ்டேஷன் வரிசையும் குகைக்குள் இறங்கும் அந்தக் குரலும் மட்டுமே. நடுவில் பாட்டி சொன்ன சொற்கள் போய்விட்டன.

என் பாட்டி ஒருவர்தான் அப்படிப் பாடினார் என்று நினைத்துவிடாதீர்கள். சயாமுக்குப் போனவர்களைப் பற்றியனவும், போனவர்களே கூடாரத்தில் பாடிக்கொண்டனவுமாக எத்தனையோ பாட்டுகள் தோட்டங்களில் வழங்கின. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலையும், அ. ரங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலையும் எழுதி அந்தக் காலத்தை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நாவல் எழுத்தாளரின் கையில் பிறந்து அச்சில் நிலைத்துவிடுகிறது. பாட்டு வாயில் இருக்கிறது, வாய் மூடினால் போயிற்று.

நாம் பாடாவிட்டால் நம் கதையை மற்றவர்கள் வேறு மெட்டில் பாடிவிடுவார்கள். அந்த ரயில்பாதை என்றதும் உலகத்தின் காதில் விழுவது ஒரு சீழ்க்கை. 1957-இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அணிவகுத்து வரும்போது அடிக்கும் சீழ்க்கை அது. படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டத்துத் தமிழனைத் தினமும் பார்த்திருப்பார். படப்பிடிப்பு நடந்ததோ, தமிழர் வாழும் இலங்கையின் கித்துல்கலையில். இத்தனை இருந்தும் தோட்டத்திலிருந்து போன தமிழனுக்கு அந்தப் படத்தில் ஒரு கதாபாத்திரம் கிடையாது. ஜப்பானியர் தங்கள் பங்குக்கு, பாதையின் திறப்பு விழாவில் ஓடிய ரயில் எஞ்சினையே திரும்பக் கொண்டுபோய்த் தோக்கியோவின் யாசுகுனி ஆலய அருங்காட்சியகத்தில், மெருகேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சினுக்கு எண் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, தூசு தட்ட ஆள் இருக்கிறது.

ஜப்பானியர் மேல் வெறுப்பை வளர்க்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்களுடைய ரயில் பாட்டுகளிலேயே ஓர் ஆசிரியரின் கதை இருக்கிறது. கொத்தெம்பா வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த தொமிஹாரா கவோரு, போர்க்காலத்தில் ‘சிப்பாய்களின் ரயில்’ என்று பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு எழுதினார். போருக்குப் போகும் படையை ஸ்டேஷனில் நின்று கொடியசைத்து வழியனுப்பும் பாட்டு. ஜப்பான் தோற்றபின், 1945 டிசம்பர் 31 அன்று வானொலியில் ஒரு சிறுமி பாட வேண்டியிருந்தபோது, அந்தச் சொற்கள் இனி ஆகா என்று ஆயிற்று. மெட்டு அப்படியே இருக்க, அதே ஆசிரியர் சொற்களை மாற்றி எழுதினார். சிப்பாயும் கொடியும் போய், பிள்ளைகள் ஏறி ஊர் சுற்றும் ரயிலாக அது மாறியது. இன்றுவரை அங்கே குழந்தைகள் பாடுவது அந்த இரண்டாவது பாட்டைத்தான். ஒரு பள்ளி ஆசிரியர் பேனாவை எடுத்தால் ஒரு தலைமுறையின் வாயில் இருக்கும் சொல்லை மாற்ற முடியும். அதனால்தான் இந்த மடலை அமைச்சருக்கோ சங்கங்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இந்தக் கல்வியாண்டில், நான்காம் ஆண்டுக்கு மேல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, கோயிலிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடமிருந்து ஒரே ஒரு பாட்டைப் பதிந்துகொண்டு வரட்டும். நான் கேட்கும் காரியம் இதுதான். சயாமுக்குப் போனவர்கள் இன்று நம்மோடு இல்லை என்றே சொல்லலாம். அவர்களுடைய ஒப்பாரியை மடியில் படுத்துக் கேட்ட மகள்களும் மருமகள்களும் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். தாமான் வீடுகளில், மகன் வேலைக்குப் போன பிறகு, தொலைக்காட்சிக்கு முன் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால் பாடுவார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

பதிவு செய்வதற்குக் கைப்பேசி போதும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, கைப்பேசியை வாய்க்கு ஒரு முழத்தில் வைக்கச் சொல்லுங்கள். பாடுவதற்கு முன் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாரிடம் கற்ற பாட்டு என்று மூன்றையும் அவர் குரலிலேயே சொல்லவைக்க வேண்டும். சொல் கொச்சையாக இருந்தால் திருத்தக் கூடாது. ‘சப்பான்காரன்’ என்றால் அப்படியே எழுத வேண்டும், அந்தக் காலத்துக் கோபமும் பயமும் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. நடுவில் மறந்துபோனால் அவசரப்படுத்தாமல் காத்திருக்கச் சொல்லுங்கள், அழுதால் பதிவை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டுக்குரியவரின் சம்மதத்தோடு ஒரு படி வீட்டில், ஒரு படி பள்ளியில், ஒரு படி மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை போன்ற இடத்தில் இருந்தால் போதும். என்னைப் போல் யாரும் அதன் மேல் வேறொன்றைப் பதிந்துவிட முடியாது. சயாம் பாட்டே கிடைக்காமல் தாலாட்டோ, பால்வெட்டுப் பாட்டோ, கும்மியோ கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை பாட்டியிடம் போய் உட்கார்வதே பாதி வேலை.

மீதிப் பாதி உங்கள் வகுப்பறையில் இருக்கிறது. ஓவாதா தகெகி செய்ததை நாம் ஏன் செய்யக் கூடாது? தஞ்சோங் மாலிமில் தொடங்கி சிலிம் ரிவர், சுங்காய், தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா, ஈப்போ என்று நம் மாநிலத்து ஸ்டேஷன்களைப் பிள்ளைகளே பாட்டாகக் கட்டட்டும். கம்பாரில் ஈயம் வரட்டும், பத்து காஜாவில் சிறைச்சாலை வரட்டும், சுங்கை சிப்புட்டில் துன் சம்பந்தன் வரட்டும். 1885 ஜூன் 1 அன்று மலாயாவின் முதல் ரயில் ஓடியதே நம் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தான். இன்றைய கோல செபெத்தாங்கில் அந்த ஸ்டேஷனின் பழைய பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. அதில் ஊர்ப்பெயர் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துப்போய் அந்தத் தமிழ் எழுத்தைக் கையால் தொடவைத்தால், அந்தப் பாட்டின் முதல் கண்ணியை அவர்கள் அங்கேயே எழுதிவிடுவார்கள்.

சென்ற மாதம் என் பேத்தியிடம் பாட்டியின் ஸ்டேஷன் வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். குகை வரும் இடத்தில் குரலை எப்படி இறக்குவது என்றும் சொன்னேன். இரண்டே நாளில் பாடமாக்கிவிட்டாள். பாடாங் பெசாரில் நிறுத்தினேன். “அப்புறம் என்ன ஊரு தாத்தா?” என்று கேட்டாள். ஹாட்யாய் என்றேன். பயிற்சிப் புத்தகத்தின் பின் அட்டையில் அதை எழுதிக்கொண்டாள். பான் போங்கும் காஞ்சனபுரியும் தாம்பியுசாயாட்டும் இன்னும் எழுதவில்லை. அந்த மூன்று பெயர்களை என்ன சொல்லி அவளுக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் புத்தகத்தைப் பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். மீதியை நீங்கள் எழுதவையுங்கள்.


தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவன்,
புந்தோங், ஈப்போ.